பிக்கப் வண்டியில் பவர் ஸ்டீயரிங் சத்தம்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பவர் ஸ்டீயரிங்கில் சத்தம் வந்தாலே "பம்ப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவது பலருடைய வழக்கம். பம்ப்பை மாற்றுகிறார்கள், கொஞ்ச நாள் அமைதியாக ஓடுகிறது, அப்புறம் அதே முனகல் திரும்ப வந்துவிடுகிறது. சத்தம் போட்டது பம்ப்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பம்ப்புக்கு வரவேண்டிய ஆயில் குறைவாக வந்திருக்கும், அல்லது ஆயிலோடு காற்றும் சேர்ந்து வந்திருக்கும். அந்தக் குறையை அப்படியே விட்டுவிட்டுப் புது பம்ப்பை மாட்டினால், அதுவும் அதே காற்றைக் குடித்துக் கெட்டுப்போகும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பம்ப் கடைசியில்தான் வருகிறது. காது, கண், ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர் ஆகியவற்றை வைத்தே பாதிக் காரணங்களைக் கண்டுபிடித்துவிடலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

பானெட்டைத் திறந்து ஸ்டீயரிங் ஆயில் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் ஸ்டீயரிங் சக்கரத்தின் படம் இருக்கும். டப்பா இருந்தால் அது ஹைட்ராலிக் வகை, இந்தக் கட்டுரை முழுவதும் உங்களுக்குத்தான். டப்பாவே இல்லை என்றால் பெரும்பாலும் மின் மோட்டாரில் இயங்கும் ஸ்டீயரிங். ஃபோர்டு எஃப்-150 வண்டியில் 2011-லிருந்தும், ராம் 1500-இல் 2013-லிருந்தும், செவ்ரோலே சில்வராடோ 1500-இல் 2014-லிருந்தும் மின்சார வகை வரத் தொடங்கியது. அந்த வண்டிகளில் ஆயில், பம்ப், பெல்ட் பற்றிய பேச்சே கிடையாது. வண்டி நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் கேட்பது இயல்புதான். சத்தம் பெரிதாகி, டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கும் எரிந்தால், முதலில் பேட்டரி வோல்டேஜையும் டெர்மினல்களையும் பாருங்கள், அப்புறம் ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீட்டை எடுங்கள். "கடக்" என்ற தட்டும் சத்தமானால் இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் மூட்டுகள் பற்றிய பகுதி மின்சார வகைக்கும் பொருந்தும்.

பெரிய, கனரக பிக்கப்களில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் இதே ஸ்டீயரிங் பம்ப்பின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. இதை ஹைட்ரோ பூஸ்ட் என்பார்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பெரிய வட்ட டிரம்முக்குப் பதிலாக ஒரு சிறிய இரும்புக் கட்டியும், அதில் ஸ்டீயரிங் ஹோஸ்களும் இருந்தால் அதுதான். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டீயரிங் சத்தத்தைத் தள்ளிப்போடவே கூடாது. பம்ப் நின்றால் ஸ்டீயரிங் கனப்பதோடு பிரேக்கும் கல்லாகிவிடும். அக்யூமுலேட்டர் என்ற சிறு கலத்தில் சேமித்திருக்கும் அழுத்தம் ஓரிரண்டு முறை பிரேக் அடிக்கத்தான் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சின் பெல்ட் பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப்புக்குள் ஒரு ரோட்டர், அதன் பள்ளங்களில் உள்ளும் புறமும் நகரும் மெல்லிய தகடுகள். ரோட்டர் சுற்றும்போது தகடுகள் வெளிச்சுவரை ஒட்டியபடி ஓடி ஆயிலை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் தள்ளுகின்றன. அங்கிருந்து உயர் அழுத்த ஹோஸ் வழியாக, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கோ ரேக்குக்கோ (வண்டியைப் பொறுத்து இரண்டில் ஒன்று) ஆயில் போகிறது, ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. நேராக ஓட்டும்போது அழுத்தம் ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில்தான் இருக்கும். ஃபுல் கட் அடித்து, அதாவது ஸ்டீயரிங்கைக் கோடி வரை திருப்பி நிறுத்தினால் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும்.

இந்த வேகத்தில் ஆயிலோடு காற்றுக் குமிழ்கள் வந்தால் அவை அழுத்தப் பக்கம் போனதும் நசுங்கி உடைகின்றன. தகடுகள் சுவரை விட்டுத் துள்ளி மீண்டும் அடிக்கின்றன. அந்த அடிதான் நமக்கு முனகலாகக் கேட்கிறது. அதையே பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினால் உள்சுவரில் கோடு விழும். அதன் பிறகு காற்றை எடுத்தாலும் சத்தம் போகாது. அப்போதுதான் உண்மையிலேயே பம்ப் போகிறது.

காதுதான் முதல் கருவி

சத்தம் எப்போது வருகிறது என்பதை, எப்படி இருக்கிறது என்பதைவிட அதிகமாகக் கவனியுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஐடிலில் விடுங்கள். ஸ்டீயரிங்கைத் தொடாமல் கேளுங்கள். மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கேளுங்கள். பிறகு ஐடிலிலேயே இடமும் வலமும் திருப்பிக் கேளுங்கள். கடைசியாக இரு பக்கமும் ஃபுல் கட் வரை கொண்டுபோய் ஒரு கணம் தொட்டுவிட்டுத் திரும்புங்கள்.

ஆர்பிஎம்மோடு ஏறி இறங்கும் "ஊய்ங்" என்ற முனகல், திருப்பும்போது இன்னும் பலமானால் ஆயில் குறைவு, காற்று, அல்லது பம்ப். அதே முனகல் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் மாறாமல் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சந்தேகப்படாதீர்கள். ஆல்டர்னேட்டர், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லி, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இவற்றின் பேரிங் பக்கம் போங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஃபுல் கட் அடிக்கும்போது மட்டும் "கீச்ச்" என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது.

ஃபுல் கட்டில் மட்டும் "ஸ்ஸ்ஸ்" என்று வரும் சீறல் பெரும்பாலும் கோளாறே இல்லை. ரிலீஃப் வால்வு திறந்து அதிக அழுத்தத்தை விடுவிக்கும் ஓசை அது. அதற்காக எதையும் கழற்ற வேண்டாம், ஃபுல் கட்டில் பிடித்துக்கொண்டே நிற்காமல் இருந்தால் போதும்.

"கடக்", "டொக்" என்ற சத்தங்களுக்கு ஆயிலோடு சம்பந்தம் அநேகமாக இல்லை. அவை மூட்டுகளின் விஷயம்.

இடம் தெரியாவிட்டால் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் வையுங்கள். அது இல்லையென்றால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பம்ப் உடல் மேலும் மற்ற புல்லிகளின் நடுப் போல்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள அசையாத உடல் மேலும் ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். தளர்ந்த சட்டைக்கை, தொங்கும் துணி, நீளமான முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

ஆயில் சொல்லும் கதை

எஞ்சினை நிறுத்திவிட்டு டப்பாவைப் பாருங்கள். பெரும்பாலான டப்பாக்களிலோ மூடியோடு வரும் குச்சியிலோ குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடு, சூடான நிலைக்கு ஒரு கோடு என இரண்டு இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது குளிர்ந்த கோட்டைப் பார்த்து அளந்தால் கணக்கு தப்பும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு, சூட்டில் விரிந்து நுரைத்து மூடி வழியே வழியும்.

ஸ்டீயரிங் ஆயில் எரிந்தோ ஆவியாகியோ குறைவதில்லை. மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

நிறத்தையும் பாருங்கள். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். கருத்து, தீய்ந்த வாடை வந்தால் ஆயில் சூட்டில் கெட்டிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் வெள்ளித் துகள்கள் மின்னினால் பம்ப்புக்குள் உலோகம் தேய்கிறது, அது நல்ல அறிகுறி அல்ல. பால் கலந்தது போல வெளுத்து நுரையாக இருந்தால் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது. எது என்று தெரிந்துகொள்ள வண்டியை ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள். தெளிந்துவிட்டால் காற்று. அப்போதும் வெளுப்பாகவே இருந்தால் தண்ணீர், முழு ஆயிலையும் மாற்றத்தான் வேண்டும்.

எந்த ஆயில் என்பதை வண்டியின் கையேடும் டப்பா மூடியும் சொல்லும், அதை மட்டும் கேளுங்கள். டொயோட்டா ஹைலக்ஸின் ஹைட்ராலிக் வகைகள் டெக்ஸ்ரான் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும். ராம், ஜீப் வண்டிகளில் பல ஏடிஎஃப்+4 கேட்கும். ஃபோர்டில் மெர்கான் வகை, சில வண்டிகளில் செயற்கை ஹைட்ராலிக் ஆயில். "எல்லா வண்டிக்கும்" என்று எழுதியிருக்கும் பாட்டிலை நம்பி ஊற்றினால் கெட்டித்தன்மை பொருந்தாமல், குளிரில் பம்ப் முனகத் தொடங்கும். பிரேக் ஆயிலை மட்டும் தவறிக்கூட ஊற்றிவிடாதீர்கள். சீல்கள் எல்லாம் ஊதி, பம்ப்பிலிருந்து பாக்ஸ் வரை ஒட்டுமொத்தமாகப் பிரிக்க வேண்டி வரும்.

காற்று எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான முனகல்களுக்கு விடை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இங்கே அவசரப்படாதீர்கள்.

ஹோஸ்களில் இரண்டு பக்கம் உண்டு. பம்ப்பிலிருந்து வெளியேறும் பக்கம் அழுத்தம் அதிகம், அங்கே கோளாறு வந்தால் ஆயில் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் பக்கத்தில் பம்ப் உறிஞ்சுவதால் உள்ளே வெற்றிடம் இருக்கும். அங்கே கிளாம்ப் தளர்ந்தாலோ, ரப்பர் காய்ந்து இறுகினாலோ, இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையானாலோ, எஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, மட்டமும் இறங்காது, ஆனால் சத்தம் வரும். இதைப் பார்த்துத்தான் பலர் "லீக் எதுவும் இல்லை, அப்போ பம்ப்தான்" என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது, டப்பாவுக்கும் பம்ப்புக்கும் இடையிலான ஒவ்வொரு இணைப்பின் மேலும் கெட்டியான கிரீஸைப் பூசி அடையுங்கள். அல்லது அதே ஸ்டீயரிங் ஆயிலை விரலால் தடவுங்கள். எந்த இணைப்பில் பூசியதும் முனகல் குறைகிறதோ, அங்கேதான் காற்று போகிறது. பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும், எனவே கை வைக்க இடம் இல்லாத வண்டிகளில் எஞ்சினை நிறுத்திப் பூசிவிட்டு ஸ்டார்ட் செய்து கேளுங்கள்.

பம்ப் மேலேயே டப்பா பொருத்தப்பட்ட வகைகளில் இரண்டுக்கும் இடையில் ஒரு ஓ-ரிங் இருக்கும். அது சின்னப் பொருள். ஆனால் எத்தனையோ பம்ப்கள் அநியாயமாக மாற்றப்பட்டதற்கு அதுதான் காரணம். டப்பாவைக் கழற்றினாலே பழைய ஓ-ரிங் தட்டையாகி இறுகியிருப்பது தெரியும். புதியதை ஸ்டீயரிங் ஆயிலில் நனைத்துப் பொருத்துங்கள்.

உறிஞ்சும் ஹோஸ் கெட்டியாகி, விரலால் அழுத்தினால் வளையாமல் இருந்தால் மாற்றிவிடுங்கள். நடுவில் நன்றாக இருந்து முனை மட்டும் இறுகியிருந்தால், நீளம் மிச்சமிருக்கிற பட்சத்தில், முனையைச் சுத்தமாக வெட்டிவிட்டு மீண்டும் பொருத்தலாம். புது ஹோஸ் வாங்கும்போது பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கென்று தயாரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் இந்த ஆயிலில் ஊறி ஊதிவிடும்.

டப்பாவின் அடியில் உள்ள வலையையும் மறந்துவிடக் கூடாது. பழைய ஆயிலின் கசடு அதில் படிந்தால் பம்ப்புக்கு ஆயில் போதாமல் போகும், திரும்பி வரும் ஆயிலும் பீறிட்டு நுரைக்கும். எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் அமைதியாகச் சுழலாமல் மேலே கொப்பளித்தால் வலையைச் சந்தேகப்படுங்கள். வலை தெரியும்படி இருந்தால் கழுவலாம், டப்பாவுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தால் டப்பாவையே மாற்றுவதுதான் சரி.

இன்னும் உறுதியாகப் பார்க்க வேண்டுமென்றால் ரிட்டர்ன் பக்கத்தில் தற்காலிகமாக ஒரு கண்ணாடி போன்ற டியூபைப் பொருத்தி, வண்டியை நிறுத்திய நிலையிலேயே ஐடிலில் விட்டுக் குமிழ்கள் வருகின்றனவா என்று பார்க்கலாம். உயர் அழுத்தப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள், வெடித்து சூடான ஆயில் முகத்தில் அடிக்கும்.

வெளியே ஒழுகும் இடங்களைத் தேடுவது சுலபம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வண்டியை ஓட்டிவந்து பாருங்கள். பம்ப் புல்லிக்குப் பின்னால் ஈரமானால் ஷாஃப்ட் சீல். ஹோஸின் உலோக முனை ரப்பரைச் சந்திக்கும் இடத்தில் ஈரமானால் ஹோஸ். ஸ்டீயரிங் பாக்ஸின் அடியில், அதன் அசைவைச் சக்கரங்கள் பக்கம் கடத்தும் கையான பிட்மன் ஆர்ம் தொடங்கும் இடத்தில் ஈரமானால் அந்த ஷாஃப்ட்டின் சீல். ரேக் உள்ள வண்டியில் இரு முனையிலும் உள்ள ரப்பர் பூட்டை அமுக்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போயிருக்கிறது. சீலை ஊதவைத்து ஒழுகலை நிறுத்தும் பாட்டில் திரவங்கள் கிடைக்கின்றன. வண்டியை வீடு கொண்டுசேர்க்க வேண்டுமானால் அவை உதவலாம். நிரந்தரத் தீர்வாக நினைத்து நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏர் எடுப்பது

லீக்கைச் சரிசெய்த பிறகும், ஹோஸ் மாற்றிய பிறகும், பம்ப் மாற்றிய பிறகும், ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் இந்த வேலையை முழுமையாகச் செய்ய வேண்டும். இதில் பொறுமை காட்டாமல் புது பம்ப்பை ஒரே நாளில் கெடுத்துவிடுபவர்கள் உண்டு.

1. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது. சக்கரம் காற்றில் இருந்தால் பம்ப்புக்குப் பாரம் குறையும், காற்றும் சுலபமாக வெளியேறும்.

2. குளிர்ந்த கோடு வரை ஆயில் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்துச் சில நிமிடங்கள் விடுங்கள்.

3. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை லாக் விடும் நிலையில் வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக 20 முறை திருப்புங்கள். இரு கோடிகளிலும் இடிக்காமல் தொட்டுத் திரும்புங்கள். ஒருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், மட்டம் இறங்க இறங்க ஊற்றட்டும். குமிழ்கள் வருவது நின்றால்தான் அடுத்த படி.

4. எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஸ்டார்ட் செய்து நிறுத்துங்கள். மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். மட்டம் நிலையாக நிற்கும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

5. ஐடிலில் விட்டு மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். ஃபுல் கட்டில் 5 விநாடிக்கு மேல் எப்போதும் பிடிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டாம்.

6. ஆயில் நுரைத்துவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். நுரைத்த ஆயிலை மேலும் சுற்றவிட்டால் குமிழ்கள் இன்னும் நுணுக்கமாகுமே தவிரப் போகாது. ஒரு மணி நேரமோ, முடிந்தால் இரவு முழுவதுமோ விட்டுவிட்டு மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

7. வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் இருக்கும்போதும் சிலமுறை திருப்பி, சூடான பின் மட்டத்தைச் சரிபாருங்கள்.

ஹைட்ரோ பூஸ்ட் இருந்தால், தொடங்கும் முன் எஞ்சின் நின்ற நிலையில் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து அக்யூமுலேட்டர் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ஐந்தாம் படியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே பிரேக்கையும் மிதித்து விடுங்கள்.

இத்தனைக்கும் காற்று போகாத பிடிவாதமான வண்டிகளுக்குக் கை வேக்யூம் பம்ப் இருக்கிறது. டப்பா வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, பாதரசக் கணக்கில் 20 அங்குலம் வரை வெற்றிடம் கொடுத்து ஐந்து நிமிடம் வையுங்கள். ஆயில் கொதிப்பது போலக் குமிழ் விடும், மட்டம் இறங்கும். நிரப்பிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பெல்ட் கத்துகிறதா?

எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைப் பாருங்கள். புதிய வகை ரப்பர் பெல்ட்களில் வெடிப்பு அவ்வளவாக வராது, பள்ளங்கள் தேய்ந்து அகலமாகிப் பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கிவிடும். வெடிப்பு இல்லை என்பதற்காக நல்ல பெல்ட் என்று விட்டுவிடாதீர்கள். ஆயில் ஊறிய பெல்ட்டைக் கழுவிப் பயனில்லை. லீக்கைச் சரிசெய்து பெல்ட்டை மாற்றுங்கள்.

தண்ணீர்ச் சோதனை ஒன்று உண்டு. ஐடிலில் பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் பலமானால் இறுக்கம் போதவில்லை, டென்ஷனரைப் பாருங்கள். ஓடும்போது டென்ஷனரின் கை துடித்துக்கொண்டே இருந்தால் அதன் ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது. பெல்ட் மேல் அடிக்கும் ஸ்பிரே சத்தத்தை மறைக்கும், தூசியை ஒட்டவைக்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் தீராவிட்டால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் அதுதான். பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்து சத்தம் போகிறதா என்றும் கேட்கலாம், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிடுங்கள். பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

ஹோஸ் மாற்றிய பின் வந்த ரீங்காரம்

உயர் அழுத்த ஹோஸை மாற்றிய பிறகு புதிதாக ஒரு ரீங்காரம் தொடங்கினால் பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். பம்ப்பின் ஒவ்வொரு தகடும் ஆயிலில் ஒரு துடிப்பை உண்டாக்குகிறது. நிறுவனம் பொருத்திய பல ஹோஸ்களுக்குள் அந்தத் துடிப்பை அடக்க ஒரு சிறு டியூப் வைத்திருப்பார்கள். மலிவான மாற்று ஹோஸில் அது இருக்காது, துடிப்பு முழுவதும் கேபினுக்குள் கேட்கும். இன்னொரு காரணம், ஹோஸ் சேஸிஸையோ வேறு உலோகத்தையோ தொட்டுக்கொண்டிருப்பது. விரல் நுழையும் இடைவெளி விட்டு, கழற்றிய ரப்பர் கிளிப்கள் எல்லாவற்றையும் அதே இடத்தில் திரும்ப மாட்டுங்கள்.

கடக் கடக்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையில் நிற்கட்டும், எஞ்சின் நிறுத்தியே இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், மற்றவர் கீழிருந்து ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்க்கட்டும். தட்டும் சத்தம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலில் அதிரும்.

மேலிருந்து தொடங்குங்கள். ஸ்டீயரிங் காலமையும் பாக்ஸையும் இணைக்கும் இடை ஷாஃப்ட், அதன் யூ-ஜாயிண்ட்கள். 2000-களின் தொடக்கத்து ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் இந்த ஷாஃப்ட்டின் தட்டல் மிகவும் பேர் போனது. ஓட்டும்போது காலடியிலும் ஸ்டீயரிங்கிலும் ஒரு "டொக்" உணரப்படும். அப்புறம் பாக்ஸையோ ரேக்கையோ சேஸிஸில் பிடிக்கும் போல்ட்கள், ரேக்கின் ரப்பர் புஷ்கள். அதன் பின் பிட்மன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், டை ராட் முனைகள். கடைசியில் பால் ஜாயிண்ட்கள். அவற்றுக்குச் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடும் பால் ஜாயிண்ட்டோ டை ராடோ கண்டால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள், சக்கரமே கழன்றுகொள்ளும் ஆபத்து அது. டை ராட் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பாக்ஸின் மேல் உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருகினால் பிளே (ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம்) குறையும் என்பது உண்மைதான். ஆனால் பிளே மூட்டுகளில் இருக்கும்போது அதைத் திருகினால் உள்ளே கியர் இறுகி, வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேராகாது. மூட்டுகள் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே, அதுவும் மிகச் சிறிய அளவில், ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது பம்ப்

ஆயில் சரி, காற்று இல்லை, பெல்ட் நன்றாக இருக்கிறது, இருந்தும் முனகுகிறது என்றால் பம்ப்பைச் சோதிக்கலாம். வால்வு கொண்ட பிரஷர் கேஜை உயர் அழுத்தப் பாதையில் பொருத்துங்கள். ஆயில் சூடாக இருக்கும்போது வால்வை மூடிக் கேஜைப் பாருங்கள், 5 விநாடிக்குள் திறந்துவிடுங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அழுத்தம் வந்தால் பம்ப்புக்குத் தள்ளும் பலம் இருக்கிறது. வராவிட்டால் பம்ப் அல்லது அதன் வால்வு தேய்ந்துவிட்டது. வால்வை மூடினால் முழு அழுத்தம் வந்து, திறந்து ஃபுல் கட் அடித்தால் வராமல் போனால், பாக்ஸுக்கோ ரேக்குக்கோ உள்ளே ஆயில் நழுவுகிறது.

மாற்றுவதென்று முடிவானால், கழற்றும் முன்பே பழைய ஆயிலை வெளியேற்றுங்கள். ரிட்டர்ன் ஹோஸை டப்பாவிலிருந்து கழற்றி ஒரு கேனில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்து, சக்கரங்களைத் தூக்கி வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பினால் பழையது வெளியே வரும். மேலிருந்து புதியதை ஊற்றிக்கொண்டே சுத்தமாக வரும் வரை செய்யுங்கள். உலோகத் துகள் இருந்த வண்டியில் இதைத் தாண்டிப் போனால் புது பம்ப்பின் ஆயுள் குறுகிவிடும். ஆயில் கூலரையும் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள்.

புல்லி பெரும்பாலும் அழுத்திப் பொருத்தப்பட்டது. கழற்றவும் மாட்டவும் தனிப் புல்லர் இருக்கிறது. சுத்தியலால் அடித்தால் பம்ப் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் அடி விழும். பழைய புல்லி ஷாஃப்ட்டில் எந்த ஆழத்தில் இருந்தது என்று கழற்றும் முன் அளந்துகொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் பெல்ட் கீச்சிட ஆரம்பிக்கும்.

புது பம்ப்பை வண்டியில் ஏற்றும் முன் அதற்குள் ஆயில் ஊற்றி, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி நனையவிடுங்கள். ஹோஸ் நட்டுகளைக் கையால் பல சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர் போடுங்கள், மரை மாறி ஏறினால் பம்ப்பே வீண். இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அங்கே அடைப்பது ஓ-ரிங்தான், டேப் துணுக்கு பிரிந்து வால்வில் சிக்கும். பிறகு மேலே சொன்ன ஏழு படிகளிலும் ஏர் எடுங்கள்.

முடித்த பிறகு வழிந்த ஆயிலை நன்றாகத் துடையுங்கள். பெயின்ட்டில் பட்டால் கறை, சைலன்ஸர் குழாயில் பட்டால் புகை, அதிகமானால் தீ. இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். அடுத்த சில நாட்கள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் ஏதோ ஒரு சீலோ ஹோஸோ வெளியே விடுகிறது, அட்டையில் சொட்டு விழுந்த இடம் திசை காட்டும். மட்டம் இறங்காமல், ஓட்டி நிறுத்தியதும் நுரை மட்டும் திரும்ப வந்தால், புது பம்ப்பைக் கழற்றாதீர்கள். டப்பாவுக்கும் பம்ப்புக்கும் இடையில் உள்ள ஹோஸ், கிளாம்ப், ஓ-ரிங் இவற்றில் ஒன்று இன்னும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. கிரீஸை எடுத்துக்கொண்டு அங்கிருந்து மறுபடி தேடுங்கள்.